ஆடாத மேசை

1

எங்கள் வீட்டில் எல்லாமே மடங்கும். சாப்பாட்டு மேசை மடங்கும், நாற்காலிகள் மடங்கும், விருந்தாளி வந்தால் விரிக்கிற கட்டில் மடங்கும், துணி காயப்போடுகிற ஸ்டாண்டு மடங்கும். புத்தக அலமாரிகூடத் துணியும் குழாயும்தான். ஜிப்பைத் திறந்து குழாய்களை உருவினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். "இந்த வீட்டுல மடங்காத சாமான் நீங்க ஒருத்தர்தான்" என்பாள் என் மனைவி வாசுகி. முழங்கால் வலி வந்ததிலிருந்து எனக்குத் தரையில் உட்கார முடிவதில்லை. அதைத்தான் அப்படிச் சொல்லிக் காட்டுவாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தில் செனாய் என்கிற ஊரில், பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கிளம்பினோம். மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயது. "ரெண்டே வருஷம்" என்று வாசுகியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். நானும் நம்பித்தான் சொன்னேன். உடனே அவள் ஒரு சட்டம் போட்டாள்: மூன்று பெட்டிக்குள் அடங்காத எதையும் அந்த ஊரில் வாங்கக் கூடாது. கிளம்புகிற அன்றைக்குப் பெட்டியைப் பூட்டினோமா, விமானம் ஏறினோமா என்று இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு முதலில் பலியானது அவளுடைய சாமான்தான். கல்யாணத்துக்கு முன்பே தையல் வகுப்புக்குப் போய், தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்து, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மிதி மிஷின் ஒன்று வைத்திருந்தாள். இரும்புக் கால், கறுப்பு உடம்பு. அதைச் சாத்தூரில் அவள் அண்ணி வீட்டில் பழைய சேலை போர்த்தி நிறுத்திவிட்டு, "ரெண்டு வருஷம்தான் அண்ணி, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். இங்கே வந்து ஒரு குட்டி மின்சார மிஷின் வாங்கினோம். தைக்கத் தைக்க அது மேசைமேல் தவளை மாதிரி நகரும். வாசுகி நாற்காலியை இழுத்துக்கொண்டே பின்னால் போவாள்.

என் வேலை பாஸை, அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கிற அனுமதியை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷம் ஏழாவது முறை. படிவத்தில், இன்னும் எவ்வளவு காலம் தங்க உத்தேசம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஏழு தடவையும் கை தானாகவே இரண்டு வருஷம் என்று எழுதியிருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு எங்க ஊரு ரொம்பப் பிடிச்சிருக்கு போல" என்று மலாயில் கேட்டார். "சாப்பாடு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமைதான் அது நடந்தது. கார் நிறுத்தக் கட்டியிருக்கிற போர்ச்சில் (எங்கள் கார் தெருவோரம்தான் நிற்கும்), மடக்கு மேசைமேல் மிக்சியைக் கவிழ்த்து வைத்து, இறுகிப்போன ஒரு திருகைத் தளர்த்தச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். மேசைக்கு அதுவரை கற்ற வித்தையெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. நாலு காலையும் மடக்கிக்கொண்டு படுத்துவிட்டது. மிக்சி என் கால் பெருவிரலில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வாசுகி, "அய்யோ, மிக்சிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

வீங்கிய விரலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்தேன். எனக்கு மடங்காத ஒரு மேசை வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்தாலும் அசையாத, கனமான, மர மேசை.

2

வாசுகியிடம் அனுமதி வாங்குவது பாஸ் வாங்குவதைவிடக் கஷ்டம். அங்கே படிவம் சரியாக இருந்தால் போதும்; இங்கே முகமும் சரியாக இருக்க வேண்டும்.

"எவ்வளவு கனம் வரும்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் வரும்."

"கொஞ்சம்னா?"

"நூறு கிலோ."

இட்லி மாவுக் கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நாம கிளம்புறப்ப அதை எந்தப் பெட்டியில வைக்கிறது?"

கிளம்புவதாவது என்று வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். "எல்லாம் போல்டு நட்டுதான் வாசு. பத்து நிமிஷத்துல கழட்டிடலாம். கட்டை கட்டையா ஆக்கி யாருக்காச்சும் குடுத்துடலாம்."

"பசை, ஆணி ஒண்ணும் கெடையாதே?"

"கெடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

இப்படித்தான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது செனாய்க்குப் பக்கத்து ஊரான கூலாயில், வரிசை வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில். வாடகை வீடுதான். அங்கிருந்து கால் மணி தூரத்தில் மரக்கடை. தவுக்கே, அதாவது முதலாளி, வயதான சீனர். அவரிடம் பேசுவதற்காக ஒரு வாரம் மலாய் வாக்கியங்களைத் தொழிற்சாலை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். கடையில் போய் நின்று, கால், நாலு, கனமான மரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உயரம் எவ்வளவு என்று கேட்டார். பதற்றத்தில் என் உயரத்தைச் சொல்லிவிட்டேன்.

தவுக்கே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சுத்தமான தமிழில், "நூத்தி எழுவதா? ஏன் தம்பி, மேசையிலே ஏணி போட்டு ஏறுவியா?" என்றார்.

தோட்டத்துக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவராம். தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடிய தமிழ் அது. என் ஒரு வார மலாய்ப் பாடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, இருவரும் தமிழிலேயே வியாபாரத்தை முடித்தோம். காலுக்கும் சட்டத்துக்கும் கெம்பாஸ் மரம். இரும்பு மாதிரி இருக்கும். டிரில்லால் ஓட்டை போடாமல் திருகு இறங்காது. மேல் பலகைக்கு ரப்பர் மரம். பசை வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம், போல்டு மட்டும்தான் என்றேன்.

"போல்டு மட்டுமா? மரம் மூச்சு விடும் தம்பி. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அப்புறம் ஆடும்" என்றார்.

"ஆடினா முடுக்கிக்கிறேன் தவுக்கே."

அவர் எப்படியும் நான் திரும்பி வருவேன் என்கிற மாதிரி சிரித்தார்.

3

மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இருபது வருஷமாக நான் இரும்போடு பழகியவன். இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். நேற்று அளந்தது இன்றைக்கும் அதே அளவில் இருக்கும். மரம் அப்படியில்லை என்பது தெரியாமல், தொழிற்சாலையில் தலைமுடிக் கனம் பார்க்கிற வெர்னியர் கருவியைக் கொண்டுவந்து சட்டத்தின் தடிமனை அளந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பாலோ பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்; பேச்சில் இந்த ஊர் 'அலமாக்'கும் (அடேயப்பா) 'லா'வும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அலமாக்! என்னா தம்பி, மேசையா செய்றீங்க, கப்பலா?"

"மேசைதாண்ணே."

"அப்ப அந்தச் சாமான எடுத்து உள்ளே வைங்க லா. மரத்துக்கு டேப்பு போதும். தங்கம் நிறுக்கிற மாதிரி நிறுக்கிறீங்க."

பேசிக்கொண்டே சுற்றி வந்து கேட்டைத் திறந்து, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட அவர் வராமல் இல்லை. மேல் பலகை ரப்பர் மரம் என்று கேட்டதும் உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். "எங்கம்மா இந்த மரத்துக்கிட்டதான் விடியறதுக்கு முன்னாடியே போய் நிப்பாங்க. பால் வெட்டுறப்ப மரம் ஒரு நாளும் எங்களுக்கு உக்கார இடம் குடுத்ததில்லே. இப்ப பாருங்க, உங்களுக்கு முதுகையே குடுக்குது." சொல்லிவிட்டு அவரே பலமாகச் சிரித்தார். அன்றைக்கு அவர் கொண்டுவந்த வாழைப்பழப் பலகாரத்தை அந்தப் பலகைமேல் வைத்துத்தான் தின்றோம்.

மேசையின் உயரத்தை முடிவு செய்ததில் எனக்குப் பெருமை. தொழிற்சாலையில் நான் தினமும் வேலை செய்கிற இரும்பு மேசை என் கைக்கு அவ்வளவு பாந்தமாக இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அதன் உயரத்தை டேப்பில் மூன்று முறை அளந்து எழுதி வைத்திருந்தேன். அதே உயரம், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் கடைசி போல்டை முடுக்கினோம். நான் எதிரே நின்று இரண்டு கையையும் ஊன்றினேன். ஏதோ சரியில்லை. தோள் தூக்கிக்கொண்டு நின்றது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் மேசையில் உட்காரவைத்த சின்னப் பையன் மாதிரி இருந்தேன். மறுபடி அளந்தேன். அளவு சரிதான். முனியாண்டி அண்ணன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் பார்வை என் காலில் வந்து நின்றது.

"தம்பி, வேலையிலே நீங்க என்னா போட்டுருப்பீங்க?"

சேஃப்டி பூட்ஸ். நாலு சென்டிமீட்டர் அடி. வீட்டில் வெறுங்கால்.

போர்ச்சில் செருப்புக் காலோடு நிற்கிற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. தினமும் காலையில் அதைக் கழுவி வாசுகி கோலம் போடுகிறாள். செருப்பெல்லாம் கேட்டுக்கு வெளியே. பதினான்கு வருஷமாக வெறுங்காலோடு நின்ற இடத்துக்கு, பூட்ஸ் போட்டவனுக்கான மேசையைச் செய்துவிட்டேன். வாசுகி சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

காலில் நாலு சென்டிமீட்டரை வெட்டிவிடலாம் என்று ரம்பத்தை எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது யாழினி மேசையில் ஒரு நீளத் துணியை விரித்து, பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பதாகை எழுதிக்கொண்டிருந்தாள். தோள் தளர்ந்து, முழங்கை மடங்கி, சட்டைக்கு எடுத்த அளவு மாதிரி அவளுக்கு அந்த மேசை அவ்வளவு பொருந்தியிருந்தது.

"நீ எப்ப என்னைவிட உயரமானே?"

"போன வருஷமே பா. நீங்கதான் நோட் பண்ணலே."

அவளுக்கு இப்போது பதினாறு. மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேச்சு. நாங்கள் "ஊர்" என்று சொன்னால், "எந்த ஊரு? கூலாயா, சாத்தூரா?" என்று நிஜமாகவே கேட்பாள். அவள் தள்ளித் தள்ளிப் போகிறாள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேனே தவிர, வளர்ந்ததைக் கவனிக்கவில்லை. ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டேன். மிச்சக் கட்டையில் எனக்கு ஒரு நாலு சென்டிமீட்டர் பலகையும், வாசுகிக்கு அதைவிடத் தடிமனாக ஒன்றும் செய்தேன், ஏறி நிற்க.

4

தவுக்கே சொன்னது பலித்தது. இரண்டு வாரம் விடாமல் சாயங்கால மழை, அப்புறம் ஒரு வாரம் வெயில். மேசை ஆட ஆரம்பித்தது. இழைப்புளி தள்ளுகிற பக்கமெல்லாம் மேசையும் கூடவே சாய்ந்தது. போல்டுகளை முடுக்கினேன். நாலு நாள் நின்றது. மறுபடி ஆடியது.

முனியாண்டி அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே வைத்தியம் சொன்னார். "பின்னாடி மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கட்டை அடிங்க தம்பி. கப் சிப்னு நிக்கும்."

அவர் சொன்னது சரி. இது எனக்குத் தெரியாதா? மெஷின் ஸ்டாண்டு எத்தனைக்குக் குறுக்குக் கம்பி வெல்டு வைத்திருக்கிறேன்! ஒரு கட்டை, நாலு திருகு, அரை மணி வேலை. வேண்டும்போது கழற்றியும் விடலாம். வாசுகிக்குக் கொடுத்த வாக்கும் தவறாது.

ஆனால் நான் மரக்கடைக்குப் போய் ஒரு பாட்டில் மரப்பசை வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணமெல்லாம் சால்ஜாப்பு. குறுக்குக் கட்டை அடித்தால் அடியில் டூல் பெட்டி வைக்க இடம் இருக்காது, பார்க்க அசிங்கமாக இருக்கும், இப்படி. உண்மை என்னவென்றால், இந்த மேசையை யாரும் கழற்ற முடியாதபடி ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. எத்தனை வருஷமாக என்றும் தெரியவில்லை. அதை வாசுகியிடம் சொல்ல வாய் வரவில்லை. மரத்திடம் சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

சத்தியம் செய்தவன் பசை பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோக முடியுமா? கார் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மூன்று வாரம் அங்கேயே இருந்தது.

ஒரு ஞாயிறு காலை சந்தையிலிருந்து வரும்போது மீன் பை ஒழுகிவிட்டது. டிக்கியைக் கழுவ வாசுகி விரிப்பைத் தூக்கினாள். நான் போர்ச்சில் நின்றுகொண்டிருந்தேன். அவள் பாட்டிலை எடுத்து, லேபிளைப் படித்து, நேரே வந்து மேசைமேல் வைத்தாள். மேசை லேசாக ஆடியது.

"இது என்னங்க?"

"மரப்பசை."

"போல்டு மட்டும்னு சொன்னீங்க."

"ஆடுதுல்ல வாசு."

"குறுக்குக் கட்டை அடிச்சா ஆடாதுன்னு முனியாண்டி அண்ணன் சொன்னாரே. அடுப்படி ஜன்னல் தெறந்துதான் இருந்துச்சு. எனக்கும் காது இருக்கு."

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? "எனக்குத் திரும்பிப் போகணும்னு தோணல" என்றேன்.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மீனைக் கழுவினாள், குழம்பு வைத்தாள், பரிமாறினாள். அந்த மீன் குழம்பு மாதிரி ருசியான ஒன்றை நான் அவ்வளவு பயந்து சாப்பிட்டதே இல்லை.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "போகலைன்னா போகல. யாழினியை இழுத்துட்டுப் போய் அங்க என்ன செய்யிறதுன்னு நானும்தான் நெனைச்சுப் பாக்குறேன். ஆனா அதை ரெண்டு பேரும் சேந்து சொல்லணும்ல? டயருக்கு அடியில ஒளிச்சு வச்சா சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

"பதினாலு வருஷமா நான் மூணு பெட்டிக்குள்ள குடித்தனம் பண்றேன். ஒரு நல்ல பாத்திரம் வாங்கணும்னாகூட கனத்தைத் தூக்கிப் பாத்துட்டு வச்சுட்டு வருவேன். என் மிஷினை யார் வீட்டுலயோ விட்டுட்டுத் தவளையோட மல்லுக்கட்டுறேன். நீங்க மட்டும் நூறு கிலோவுக்கு மேசை போட்டு அதுக்குப் பசையும் போடுவீங்களா?" கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது. "என் மிஷின் இங்க வரணும். அது இந்த வாசல்ல நாலு கால்ல நிக்கணும். நான் அதுல ஒரு தையல் போடணும். அதுக்கப்புறம் நீங்க பசையைத் தெறங்க."

5

சாத்தூருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மிஷினா? அது மேலதான வாசுகி டி.வி. இருக்கு? அதைக் குடுத்துட்டா டி.வி.யை எது மேல வைக்கிறது?" என்றார். அப்புறம், "சரி, ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுப் போனவ. இப்பவாச்சும் கேட்டியே" என்று சிரித்தார். பேச்சு என் பக்கம் திரும்புவதற்குள் நான் நகர்ந்துவிட்டேன்.

கப்பலில் அனுப்புகிற ஏஜென்ட் படிவம் படிவமாக அனுப்பினார். இதில் யாழினிதான் எங்களுக்கு வக்கீல். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதை அவள் பஸ் டிக்கெட் மாதிரி படித்துவிட்டு அடுத்த பக்கம் போனாள். மூன்று மொழியிலும் போனில் பேசினாள். அவள் மொழி கலந்து பேசுகிறாள் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அந்தக் கலவைதான் இப்போது காரியத்துக்கு உதவியது.

"அம்மா, இதுல காரணம் கேக்குறாங்க. ஏன் கொண்டு வர்றீங்கன்னு. என்னா போடறது?"

"அது என்னோடதுன்னு போடு."

யாழினி அதையே ஆங்கிலத்தில் எழுதினாள். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மிஷினின் மரப்பலகை பழசு, அதில் பூச்சி இல்லை என்று மருந்தடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார் ஏஜென்ட். அண்ணியின் மகன் பலகையைத் திருப்பிப் பார்த்துப் போட்டோ அனுப்பினான். பூச்சி குடும்பத்தோடு குடியிருந்தது. இரும்பை மட்டும் அனுப்பச் சொன்னோம். பலகை எவ்வளவு பெரிய விஷயம், நான் செய்து தருகிறேன் என்று வீரமாகச் சொன்னேன். அண்ணி அந்தப் பலகையை நாலு செங்கல்மேல் வைத்து டி.வி.யை அதன்மேல் வைத்துக்கொண்டார். பூச்சிக்கும் இடம் மாறவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. இரும்புக் கால்கள், சக்கரம், மிதி, சாக்கில் சுற்றிய கறுப்பு உடம்பு. வாசுகி சாக்கைப் பிரித்து, முந்தானையால் உடம்பைத் துடைத்தாள். எண்ணெய் நாற்றம் வந்தது. "இளைச்சுப் போயிருக்கு" என்றாள். இரும்பு எப்படி இளைக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

6

மறுநாள் ஞாயிறு. மிச்சமிருந்த ரப்பர் மரப் பலகையை மேசையில் வைத்து, வைஸ் பிடியில் இறுக்கி, இழைக்க ஆரம்பித்தேன். மேசை கிழக்கே சாய்ந்தது, மேற்கே சாய்ந்தது. மிஷின் உடம்பு உட்காரப் பலகையில் துல்லியமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். ஆடுகிற மேசையில் வெட்டினால் கோடு நாய் வால் மாதிரி வந்தது. ஒரு துண்டைப் பாழாக்கினேன். இரண்டாவதிலும் பாதி வரை பாழாக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இனி ஒரு துண்டுதான் மிச்சம்.

வாசுகி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாச்சு?"

"பலகை சரியா வரணும்னா மேசை ஆடக் கூடாது."

"சரி."

"மேசை ஆடாம இருக்கணும்னா பசை போடணும்."

"சரி."

"பசை போடணும்னா உன் மிஷின் நின்னு நீ ஒரு தையல் போட்டிருக்கணும். மிஷின் நிக்கணும்னா பலகை வேணும்."

அவள் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தினாலும் அடங்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் முனியாண்டி அண்ணன் தலை தெரிந்தது. "தங்கச்சி, குறுக்குக் கட்டை ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"குறுக்குக் கட்டை வேண்டாண்ணே" என்றாள் வாசுகி.

அதைச் சொன்னது அவள்தான். நான் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், அரிசி டின்னைத் திறந்து, அடியில் கைவிட்டுப் பசை பாட்டிலை எடுத்து வந்தாள். நான் வீடெல்லாம் தேடி, தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்த பாட்டில்.

போல்டுகளை எல்லாம் கழற்றினோம். எட்டு இணைப்பு. இந்த ஊர் வெக்கைக்குப் பசை பத்து நிமிஷத்தில் இறுக ஆரம்பித்துவிடும் என்று தவுக்கே எச்சரித்திருந்தார். அதற்குள் எட்டிலும் தடவி, பொருத்தி, முடுக்கிவிட வேண்டும். பதினான்கு வருஷமாக முடிவெடுக்காத இரண்டு பேருக்குப் பத்து நிமிஷம்.

"நல்லா யோசிச்சுட்டியா? காஞ்சா பிரிக்க முடியாது" என்றேன்.

"பேசாம பாட்டிலை அமுக்குங்க."

யாழினி போனில் நிமிஷம் எண்ணினாள். வாசுகி, ஜாக்கெட் வெட்டுகிற அட்டைத் துண்டால் பசையை வழித்து வழித்து, தோசைக்கு எண்ணெய் தடவுகிற வேகத்தில் தடவினாள். நான் கட்டைகளைப் பொருத்தினேன். முனியாண்டி அண்ணன் ஸ்பேனரோடு சுற்றிச் சுற்றி ஓடினார். "நாலு நிமிஷம் பா, சீக்கிரம் லா!" என்று கத்தினாள் மகள். கடைசி போல்டுக்கு நட்டைக் காணோம். எல்லோரும் தரையில் கவிழ்ந்து தேடினோம். அது வாசுகியின் காலடிப் பலகைக்குக் கீழே கிடந்தது. முடுக்கி நிமிர்ந்தபோது ஒன்பதரை நிமிஷம். நாலு பேர் முகத்திலும் பசை.

வீடு வாடகைதான். பாஸில் இன்னும் இரண்டு வருஷம்தான் எழுதியிருக்கிறது. மேசைக்குப் பசை போட்டதால் யாரும் எங்களுக்குக் காகிதம் எதுவும் தந்துவிடப் போவதில்லை. அது எனக்கும் தெரியும், வாசுகிக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை அந்தக் கட்டத்தில் எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கும்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வழக்கமாக வாசுகி, போர்ச்சில் மடங்குகிறதையெல்லாம் மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, மேசை நிற்கிற இடத்தை ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் சதுரமாகக் கோலம் போடுவாள். அன்றைக்கு மேசையை ஒதுக்கவில்லை. புள்ளியை மேசைக்கு அடியிலும் வைத்து, நாலு காலையும் சுற்றிக் கம்பியை வளைத்து இழுத்திருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு சின்னச் சுழி, நடுவில் ஒன்றுமில்லாமல். மிஷினின் காலுக்கு இடம் விட்டிருந்தாள்.

நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போய், கேட்டுக்கு வெளியே பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.